உலக்கைக்கு என்ன குறைச்சல்?

போன மாசம் என் அக்காள் மகன் ஒரு பெட்டியைத் திறந்தான். கச்சிராயபாளையத்தில் என் அக்காள் வீட்டுத் திண்ணையில்தான் அந்தத் திறப்பு விழா நடந்தது. டில்லிப் பக்கத்திலிருந்து புறப்பட்ட பெட்டி அது. எத்தனையோ லாரி மாறி, கடைசியில் ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, கோமுகி அணைக்குப் போகிற சாலை வழியாக வந்து சேர்ந்திருந்தது. விலை நாலாயிரத்துச் சொச்சம். பையன் அந்தப் பணத்தை வட்டிக்கு வாங்கியிருந்தான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பெட்டிக்குள்ளே கறுப்பு நிறத்தில் வட்ட வட்டமான தட்டுகள், ஒரு குழாய், இரண்டு கையுறைகள், ஒரு சுவர்ப்படம். படத்திலிருந்த மனுஷனுக்குக் கழுத்து என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஒரு தட்டு கைதவறித் தரையில் விழுந்து வெடித்தது. பிளாஸ்டிக் ஓட்டுக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ பொலபொலவென்று கொட்டிற்று. துடைப்பத்தோடு வந்த அக்காள் குனிந்து அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஏன்டா, இது சிமிட்டி இல்ல?" என்றாள்.

சிமிட்டிதான். விற்றவர்கள் பொய் சொல்லிவிட்டதாகவும் கூற முடியாது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பையன் படத்தைப் பார்த்தானே ஒழிய எழுத்தைப் படிக்கவில்லை. ஆக, டில்லியிலிருந்து கள்ளக்குறிச்சி ஜில்லாவுக்குப் பார்சலில் சிமிட்டி வந்திருக்கிறது. அதே வீட்டின் பின்புறத்தில், கழிவறை கட்டியபோது மிஞ்சிய அரை மூட்டை சிமிட்டி, இரண்டு மழையில் நனைந்து, சாக்கோடு இறுகிக் கல்லாகி ஒரு வருஷமாகக் கிடக்கிறது. அதைத் தூக்கிப் போட ஆள் கிடைக்கவில்லை என்று அக்காள் புலம்பிக்கொண்டிருக்கிறாள். தூக்க வேண்டியவன் முன்வாசலில் உட்கார்ந்து சிமிட்டியை வட்டிக்கு வாங்கித் தூக்கிக்கொண்டிருந்தான்.

நான் சிரித்துவிட்டேன். பையனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்தச் சாக்கைத் தூக்கினா ஊர்ல சிரிப்பானுங்க மாமா" என்றான்.

இந்தக் கட்டுரையை எழுதும்படி செய்தது அந்த ஒரு வாக்கியம்தான். சிமிட்டியைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஏமாறாத வீடு எது? ஆனால் ஊர் சிரிக்கும் என்ற அந்த வெட்கம் இருக்கிறதே, அதை யாரோ நமக்கு விற்றிருக்கிறார்கள். தட்டுக்கும் குழாய்க்கும் முன்னாலேயே அது வந்து வீட்டில் இறங்கிவிட்டது. அதற்கும் நாம்தான் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

பையன் ஆசைக்காக உடம்பை ஏற்றுகிறவனல்ல. காவலர் தேர்வுக்குத் தயாராகிறான். அந்தத் தேர்வு 1,500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓடச் சொல்கிறது, கயிற்றில் ஏறச் சொல்கிறது, தாண்டச் சொல்கிறது. பட்டாளத்துத் தேர்வானால் கட்டையில் தொங்கி உடம்பைப் பத்துத் தரம் மேலே இழுத்தால்தான் முழு மார்க்கு. கரும்பு வெட்டியும் அரிசி ஆலையில் மூட்டை சுமந்தும் பிழைக்கிற குடும்பங்களில், காக்கிச் சட்டை என்பது ஒரு தலைமுறையையே திண்ணையிலிருந்து நாற்காலிக்கு ஏற்றிவிடுகிற ஏணி. அந்த ஏணியின் முதற்படியில் ஒருவன் உட்கார்ந்து பணம் வசூலிக்கிறான் என்றால் அதைச் சாதாரண வியாபாரம் என்று எப்படி விட்டுவிடுவது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மனுஷனுடைய சதைக்குக் கண் கிடையாது. தன்மேல் ஏறுகிற பாரம் முலாம் பூசிய இரும்பா, கோணியில் கட்டிய மண்ணா என்பது அதற்குத் தெரியாது. எவ்வளவு கனம், எத்தனை தரம், எவ்வளவு நேரம், எப்போது ஓய்வு என்ற நாலு கேள்விகளை மட்டுமே அது கேட்கிறது. விலைச்சீட்டு என்று ஐந்தாவதாக ஒரு கேள்வியைச் சேர்த்தவன் வியாபாரி.

இது ஏதோ ஏழை தன்னைத் தானே தேற்றிக்கொள்ளச் சொல்லும் வேதாந்தம் என்று நினைக்கவேண்டாம். உலகத்தில் பெரிய கூடங்களில் இன்று பளபளக்கிற சாமான்களின் பூர்வோத்தரத்தை விசாரித்துப் பாருங்கள். இரும்புக் குண்டுக்குக் கைப்பிடி வைத்தாற்போல 'கெட்டில்பெல்' என்று ஒன்றை விற்கிறார்கள். அது என்ன? ருஷியாவில் பழைய நாளில் சந்தையில் தானியம் நிறுக்க வைத்திருந்த எடைக்கல். 'பூட்' என்பது அவர்களுடைய நிறுத்தல் கணக்கு. நம் கணக்கில் 16 கிலோவுக்குச் சற்று அதிகம். அந்த நாட்டு ஜனங்கள் எடைக்கல்லைத் தூக்கிப் பலப்பரீட்சை செய்துகொண்டார்கள். அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காததனால் அது இன்று உலகம் முழுவதும் போகிறது. நம் சந்தைக் கடைகளில் கிடந்த படிக்கல்லோ, மின்சாரத் தராசு வந்ததும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது.

நம்முடைய கர்லாக்கட்டையின் கதை இன்னும் வேடிக்கையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நம் பயில்வான்கள் கட்டை சுழற்றுவதைக் கண்டு, அதைக் கற்றுக்கொண்டு சீமைக்குக் கொண்டுபோனார்கள். 'இந்தியக் கட்டை' என்று அங்கே அதற்குப் பெயர். 1904இல் செயின்ட் லூயி நகரத்திலும் 1932இல் லாஸ் ஏஞ்சலஸிலும் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களில் கட்டை சுழற்றுவது ஒரு போட்டியாகவே இருந்தது. 1932இல் அதில் தங்கப் பதக்கம் வாங்கிய ஜார்ஜ் ராத் என்ற அமெரிக்கர் அப்போது வேலையில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தவர். நம் கட்டையைச் சுழற்றி வேலையில்லாத அமெரிக்கன் உலக முதல்வனானான். நம் ஊர் வேலையில்லாத பையனோ அதைப் பொருட்காட்சிச் சாமானாக நினைக்கிறான்.

இத்தனைக்கும் கள்ளக்குறிச்சி மரவேலைக்குப் பேர்போன சீமை. இங்கத்திய மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். வாகை மரத்தில் தெய்வத்தின் விரல் நகத்தைக்கூடச் செதுக்குகிற கைகள் இருக்கிற ஊரில், ஒரு ஜோடி கர்லாக்கட்டை கடைந்து கொடுக்க ஆளில்லையா? நான் வாலிபனாக இருந்தபோது சின்னசேலத்தில் ஒரு கடைசல் பட்டறையில் போய்க் கேட்டேன். கட்டில் கால் கடைந்துகொண்டிருந்த பெரியவர் என் தோளை ஒரு தரம் அமுக்கிப் பார்த்தார். "முதல்ல சின்னதா எடுத்துக்க தம்பி, பெருசு தானா வரும்" என்று சொல்லிக் கட்டில் கால் விலைக்கே கடைந்து கொடுத்தார். ஒரே மரத்தில் கடைந்தது. பிடி தனி, தலை தனி என்று ஒட்டியதல்ல. இருபது வருஷத்துக்கு மேலாகிறது. கட்டை அப்படியே இருக்கிறது. தேய்ந்தது நான்தான்.

உபகரணம் இல்லையே என்று ஏங்குகிறவர்களுக்காக இன்னும் சிலரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். 1952இல் ஹெல்சிங்கியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றையும் ஒரே ஒலிம்பிக்கில் ஜயித்த செக் நாட்டு எமில் ஸாட்டோபெக், பயிற்சியின்போது பட்டாளத்துக் கனத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஓடியவர். கால் கனத்துக்குத் தனிச் சாமான் அவர் வாங்கவில்லை. கவர்ன்மெண்டு கொடுத்த பூட்ஸே போதுமாயிருந்தது. அடுத்த வருஷம், 1953இல், இங்கிலாந்தில் லீட்ஸ் சர்வகலாசாலையில் மார்கன், ஆடம்ஸன் என்ற இருவர், பல பயிற்சிகளை வட்டமாக அடுக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓய்வில்லாமல் போகிற முறையை வகுத்தார்கள். அதே காலத்தில் கனடா விமானப் படையில் பில் ஆர்பன் என்பவர் ஐந்தே பயிற்சிகளில், ஒரு நாளைக்கு 11 நிமிஷத்தில் முடிகிற திட்டம் ஒன்று போட்டார். பனிக்காட்டில் எங்கோ ஒரு மூலையிலிருக்கிற முகாமில் பயிற்சிக்கூடம் ஏது? ஆகவே வெறுந்தரையில் செய்கிற மாதிரி அமைத்தார். வசதி இல்லாத இடத்துக்கென்று யோசித்ததனாலேயே அது எல்லா இடத்துக்கும் பொருந்திற்று.

1996இல் ஜப்பானில் டபாட்டா என்ற ஆராய்ச்சிக்காரரும் அவரது கூட்டாளிகளும் வெளியிட்ட முடிவு இன்று உலகப் பிரசித்தம். இருபது விநாடி உயிரைக் கொடுத்து உழைப்பு, பத்து விநாடி ஓய்வு, இப்படி எட்டுச் சுற்று. கணக்குப் பார்த்தால் நான்கே நிமிஷம். வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறு வாரம் இதைச் செய்தவர்களுக்கு மூச்சுப் பலமும் கூடிற்று, மூச்சு முட்டுகிறபோது தாக்குப்பிடிக்கிற பலமும் கூடிற்று. அவர்கள் அதை நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிளில் செய்தார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் பலன் சைக்கிளில் இல்லை; அந்த இருபது விநாடியில் இருக்கிறது. அதற்கு வேண்டியது ஒரு கடிகாரமும் கொஞ்சம் மானமும்.

அப்படியானால் வீட்டில் என்ன இருக்கிறது? எண்ணிப் பார்ப்போம்.

முதலில் மண். ஓர் உரச் சாக்கை நன்றாகக் கழுவிக் காயவைத்து, அதைக் கோணிப்பைக்குள் நுழைத்துக்கொள்ளுங்கள். மண்ணை நேரே கொட்டாமல், ஐந்து ஐந்து கிலோவாகச் சின்னப் பைகளில் கட்டி உள்ளே போடுங்கள். இன்றைக்கு நாலு பை. பதினைந்து நாள் கழித்து ஐந்து பை. கடைக்காரன் கனத்துக்குக் கனம் தனித்தனியாகத் தட்டு விற்கிறானே, அந்தச் சூட்சுமம் இவ்வளவுதான். மண் காய்ந்திருக்கவேண்டும்; ஈரமானால் கனம் ஏறிக் கணக்குக் கெட்டுப்போகும். சாக்கைத் தரையிலிருந்து மார்புக்கு, மார்பிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து தரைக்கு என்று மாற்றிப் பாருங்கள். இரும்புக் கம்பி கையில் அடங்கி நிற்கும், சாக்கு திமிறும். திமிறுகிறதைப் பிடித்து அடக்குவதில்தான் இடுப்பும் முதுகும் சேர்ந்து வேலை செய்கின்றன.

அடுத்தது தண்ணீர். ஒரு லிட்டர் ஒரு கிலோ. இதைவிட நேர்மையான எடைக்கல் உலகத்தில் இல்லை. குடிதண்ணீர்க் கேன் இருபது லிட்டர். கைக்கு ஒன்றாக இரண்டைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரையில் நடந்து திரும்பினால் பிடியும் தோளும் என்ன சொல்கின்றன என்று கேட்டுக்கொள்ளலாம். ஒரு செங்கல் சுமார் மூன்று கிலோ. பழைய பெயிண்டு வாளியில் கான்கிரீட் ஊற்றிக் கைப்பிடிக்குக் கம்பி வளைத்துவிட்டால், பத்து லிட்டர் வாளி இருபது கிலோவைத் தாண்டும். அதுதான் ஏழையின் கெட்டில்பெல். சைக்கிள் ட்யூப்பை வெட்டித் தூணில் மாட்டினால் இழுப்புக் கயிறு. லாரி டயரில் வடம் கட்டி இடுப்பில் மாட்டிக்கொண்டு ஓடினால் ஓட்டத்தின் கால் உரமேறும். கவலை இறைத்த காலத்து வடம் யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கும். இற்றுப்போன துண்டானால் வேப்ப மரத்தடியில் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை இரண்டு கையாலும் அலையலையாக அடிக்கலாம். திண்ணை இருக்கிறது, ஏறி இறங்க. உலக்கை இருக்கிறது, தலைக்கு மேல் தூக்க. தண்டாலும் பஸ்கியும் எந்தக் கடையிலும் விற்பதில்லை.

அக்காள் மகன் தொங்குவதற்கு மரம் தேடியபோது கொல்லையிலிருந்த முருங்கையைக் காட்டினான். முருங்கையில் வேதாளம் தொங்கலாம், மனுஷன் தொங்கக்கூடாது. பாரம் ஏறினால் சொல்லாமல் கொள்ளாமல் முறிகிற மரம் அது. புளியோ வேம்போ பார்த்து, முதலில் உங்கள் எடையைப்போல ஒன்றரை மடங்கு மண்மூட்டையைத் தொங்கவிட்டுச் சோதித்த பிறகு நீங்கள் தொங்குங்கள். கயிறு ஏறுவதற்குப் புது வடம்தான் வேண்டும். அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அடியில் மண்ணைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கிவையுங்கள்.

இதைச் சொல்லும்போதே, வைத்தியரான என் நண்பர் ஒருவர் ஆட்சேபணையோடு எழுந்து நிற்கிறார். "நீர் பாட்டுக்குச் சாக்கைத் தூக்கு, டயரை இழு என்று எழுதிவிடுவீர். முதுகு பிடித்துக்கொண்டு என்னிடம்தானே வருவான்?" என்கிறார். நியாயமான கேள்வி. சாக்கை முதுகை வளைத்துத் தூக்கினால் பிடித்துக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் பெட்டியில் வந்த சாமானோடு கற்றுக்கொடுக்க ஒரு வாத்தியாரும் வந்தாரா? கழுத்தில்லாத மனுஷனின் படம்தான் வந்தது. ஆபத்து அவசரத்தில் இருக்கிறது. அது மண்ணுக்கும் உண்டு, முலாம் பூசிய இரும்புக்கும் உண்டு. முதல் மாசம் பாதிப் பாரம், பாதி வேகம். முழங்காலை மடக்கி, சாக்கை உடம்போடு ஒட்டவைத்துத் தூக்குவது. டபாட்டாவின் நான்கு நிமிஷம் பழகினவனுக்கு. புதியவன் முதலில் நடக்கட்டும், பிறகு ஓடட்டும். நெஞ்சில் கோளாறு உள்ளவர்களும் ரத்த அழுத்தக்காரர்களும் என்னைக் கேட்கவேண்டாம், என் நண்பரைக் கேளுங்கள். சித்திரை வைகாசியில் எங்கள் ஊர் வெயிலில் பகலில் இதைச் செய்கிறவன் வீரனல்ல, மடையன்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டி விற்கிறவன் பின்னாலேயே டப்பா விற்கிறவனும் வருகிறான். புரதப் பொடி என்று ஒரு மாச அரிசி விலைக்கு ஒரு டப்பா. உடம்பை ஏற்றுவதற்காக இந்தப் பொடிகளைத் தின்னவேண்டாம் என்று ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. நூறு கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம் புரதம். கொள்ளில் சுமார் 22. ஒரு முட்டையில் ஆறு. வேர்க்கடலை விளைகிற மண்ணில் நின்றுகொண்டு டப்பாவுக்குக் கையேந்துவானேன்?

இவ்வளவையும் நான் திண்ணையில் உட்கார்ந்து பிரசங்கமாகச் செய்தேன். "உலக்கைக்கு என்ன குறைச்சல்?" என்று ஒரு போடும் போட்டேன். அப்போது உள்ளேயிருந்து அக்காள் வந்தாள்.

"நீ பேசறது நல்லாத்தான் இருக்கு. பத்து வருஷம் அந்த உலக்கையால சாமை குத்தினவ நான். எனக்கு எங்க உடம்பு ஏறுச்சு? இந்தத் தோளத் தூக்கி ஜாக்கெட் மாட்ட முடியல. இதுக்கு என்ன சொல்ற?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. நான்கு நாள் யோசித்தேன். என் பிரசங்கத்திலிருந்த ஓட்டையை அவள் ஒரே குத்தில் காட்டிவிட்டாள். உழைக்கிறவனுக்குத் தேகப்பயிற்சி எதற்கு, மூட்டை தூக்குகிறவனைவிடப் பலசாலி யார் என்று பட்டணத்துக்காரர்கள் ஒரு கவித்துவத்தோடு பேசுவார்கள். சுத்த அபத்தம்! மூட்டை தூக்குகிறவரை நாற்பத்தைந்து வயதில் போய்ப் பாருங்கள். ஒரு தோள் இறங்கியிருக்கும்; முழங்கால் தேய்ந்திருக்கும். அவர் தூக்கியது தம் சக்திக்கு அளந்த பாரமல்ல, முதலாளியின் லாரிக்கு அளந்த பாரம். ஓய்வு உடம்பு கேட்டபோது கிடைக்கவில்லை, லாரி போனபோது கிடைத்தது. அக்காள் குத்திய சாமைக்கும் அதே கணக்குத்தான். எத்தனை குத்து என்பதை வீட்டிலிருந்த வயிறுகள் தீர்மானித்தன. அவளுடைய தோள் தீர்மானிக்கவில்லை. உழைப்பு என்பது உடம்பைப் பிறருக்காகச் செலவழிப்பது. பயிற்சி என்பது தனக்காகச் சேர்ப்பது. உலக்கை ஒன்றுதான். அது யாருக்காக எழுகிறது, எப்போது கீழே வைக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது விஷயம்.

இது எங்கள் பக்கத்துச் சரித்திரத்தோடு சேர்ந்த பேச்சு. கச்சிராயபாளையத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். சின்னக் கல்வராயன் சராசரி 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி என்பது பழைய கணக்கு. அந்தச் சரிவுகளில் ஏறி இறங்கிக் கடுக்காயும் தேனும் கீழே கொண்டுவருகிற மலையாளி ஜனங்களின் கால் பலத்தைப் பார்த்து நான் பிரமித்திருக்கிறேன். அவர்களுடைய பலம் என்ன ஆயிற்று? 1976 வரையில் மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. மலைவாசியின் முதுகு ஜாகீர்தாருக்குக் கூலியில்லாமல் உழைத்தது. அதற்குப் பிறகும் சாலை எட்டாத சிற்றூர்களில் நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி வந்த செய்திகளைப் படித்துக்கொண்டுதான் இருந்தோம். அந்த வைரம் பாய்ந்த கால்களைச் செம்மரம் வெட்டக் கூலிக்கு அழைத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. சாராயக் கேன் சுமக்கக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. பலம் அவர்களிடம் இருந்தது. அதன் சாவி எப்போதும் வேறொருவன் இடுப்பில் தொங்கிற்று.

சாராயம் என்றதும் 2024 ஜூன் மாசம் நினைவுக்கு வராமல் போகாது. கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் தொடங்கி, மெத்தனால் கலந்த விஷச் சாராயத்தில் 60க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். கர்லாக்கட்டை சுழற்றியிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று சொல்லுகிற மூடன் அல்ல நான். அந்தச் சாவுகளுக்குப் பொறுப்பாளிகள் வேறு. ஆனால் "உடம்பு வலிக்குது, ஒரு பாக்கெட் போட்டாத்தான் தூக்கம் வரும்" என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறோம்? தன் உடம்பு தனக்குச் சொந்தம் என்ற நினைவே இல்லாமல் பகல் முழுதும் அதை வாடகைக்கு விட்டவன், இரவில் அதை மறக்கப் பார்க்கிறான். மாலை ஏழு மணிக்கு ஓர் இளைஞன் போவதற்கு எங்கள் ஊர்களில் எத்தனை இடம் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணுங்கள். ஒரு விரலை நிச்சயமாக மதுக்கடைக்கு மடக்குவீர்கள். அடுத்த விரலை எதற்கு மடக்குவது?

அடுத்த விரலுக்குச் சர்க்காரும் வழி தேடாமல் இல்லை. கிராமங்களில் 500 உடற்பயிற்சிக் கூடங்கள் அமைக்கப்படும் என்று 2016இல் அறிவிப்பு வந்தது. ஊராட்சிகளுக்கு விளையாட்டுச் சாமான்கள் வழங்குகிற திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கிற்று. நான் இவற்றைப் பழிக்கவில்லை. ஆனால் ஓர் ஊரில் நான் நேரில் பார்த்தது பூட்டிய கதவு. சாவி யாரிடம் என்று கேட்டேன்; ஒருவர் இன்னொருவரைக் காட்டினார், அவர் மூன்றாமவரைக் காட்டினார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் இரும்பு துருப்பிடித்துக்கொண்டிருந்தது. விலையுயர்ந்த சாமானுக்குப் பூட்டு அவசியம். பூட்டு வந்தால் சாவி வரும். சாவி வந்தால் ஒரு பெரிய மனுஷன் வருவான். மண் குழிக்கும் புளிய மரத்துக்கும் யாரும் பூட்டுப் போடுவதில்லை. ஆகவே எங்கள் ஊராட்சிகளிடம் நான் கேட்பது மிகவும் மலிவான வரம்: ஒரு மண் குழி, உறுதியான மரச் சட்டத்தில் கட்டிய ஒரு வடம், ஆள் உயரத்துக்கு மேல் ஒரு குறுக்குக் கம்பி, விடிவதற்கு முன்னால் திறந்திருக்கிற பள்ளிக்கூட மைதானம், ஒரு விளக்கு. சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஒருவருக்குச் சம்பளம். சாமானுக்குக் கொடுக்கிற பணத்தை மனுஷனுக்குக் கொடுங்கள் என்கிறேன்.

அந்த விளக்கு விசேஷமாகப் பெண்களுக்காக. ஆண்கள் மொய்க்கிற கூடத்துக்குள் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி காலெடுத்து வைக்க இன்னும் எத்தனை வருஷமாகுமோ தெரியாது. அவளுக்கு வீட்டுச் சாக்கும் கயிறும்தான் கதி. ஆனால் சாக்கு இருந்து என்ன? வீட்டில் எல்லா உபகரணமும் அவளைச் சுற்றித்தான் இருக்கிறது. இல்லாதது அரை மணி நேரம். அதை எந்தக் கடையும் விற்பதில்லை. வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகள்தான் கொடுக்கவேண்டும். இதைச் சொல்லாமல் உலக்கைக்குத் துதி பாடியது என் பிசகு. அக்காளிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

சென்ற வாரம் மறுபடியும் போயிருந்தேன். வட்டிப் பணத்தில் பாதியை நான் கட்டினேன்; மீதியைப் பையன் கரும்பு லோடு ஏற்றிக் கட்டுகிறான். பெட்டியில் வந்த மற்றத் தட்டுகளை ஊர்ச் சிறுவர்கள் பாண்டி விளையாட எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பின்புறத்தில் கிடந்த அந்த இறுகிய சிமிட்டிச் சாக்கைக் காணோம். தெருவிலேயே, வாசலுக்கு நேர் எதிரில், வேப்ப மரத்தடியில் இருந்தது. பையன் அதைத் தரையிலிருந்து மார்புக்கு எடுத்துக்கொண்டிருந்தான். எதிர்வீட்டுப் பையன்கள் இருவர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சிரித்து முடித்துவிட்டு, "அண்ணா, நான் ஒரு வாட்டி தூக்கிப் பாக்கட்டுமா?" என்றான்.

அக்காள் திண்ணையில் உட்கார்ந்து, வைத்தியர் சொன்னபடி, சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றைத் தூணில் மாட்டி மெள்ள மெள்ள இழுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"நீ போய் அரிசியைக் களைஞ்சு போடுடா" என்றாள் என்னைப் பார்த்து.

போய்ப் போட்டேன்.